பிழைத்தவரை மட்டும் எண்ணலாமா?

காலபோக அரிவு வெட்டு நாட்களில் நமது கிராமங்களில் பாம்புக்கடியைப் பற்றிய பேச்சு அதிகமாகிவிடும். வயல் வரம்பில் புடையன் கடித்தது, நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரை விரியன் தீண்டியது என்று கேள்விப்படுகிறோம். உடனே ஒருவர் சொல்வார்: "எங்கள் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் கடித்தது. பரியாரியார் பார்வை பார்த்து, தண்ணீர் ஓதிக் கொடுத்தார். அடுத்த நாளே எழும்பி வயலுக்குப் போய்விட்டார்."

இது பொய்யல்ல. பெரியப்பா பிழைத்தது உண்மை. ஆனால் அதை வைத்து நாம் எடுக்கும் முடிவு சரியானதா? இந்தப் பாடத்தில் அதைச் சிந்திப்போம்.

கணக்கு சொல்வது என்ன?

2012-2013 இல் இலங்கை முழுவதும் வீடு வீடாக ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவு 2016 இல் வெளிவந்தது. ஓராண்டில் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. சுமார் 30,000 பேருக்கே உடலில் விஷம் ஏறுகிறது. 400 க்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் என்று அது மதிப்பிட்டது.

அதாவது, கடியுண்ட பத்துப் பேரில் ஆறு பேருக்கு விஷம் ஏறுவதே இல்லை. கடிப்பவை பல விஷமற்ற பாம்புகள். விஷப்பாம்பும் எல்லா வேளையும் விஷத்தைச் செலுத்துவதில்லை. இந்த ஆறு பேருக்கும் வெறும் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தாலும் பிழைப்பார்கள். ஆனால் பெயர் ஓதிய தண்ணீருக்குப் போகிறது.

நமது மனம் செய்யும் மூன்று தவறுகள்

1. பின்னால் நடந்ததை முன்னால் நடந்ததன் பலன் என்று எண்ணுகிறோம். ஓதினார், பிழைத்தார், ஆகவே ஓதியதால் பிழைத்தார் என்கிறோம்.

2. பிழைத்தவர் பேசுகிறார், இறந்தவர் பேசுவதில்லை. பெரியப்பாவின் கதை ஊரெங்கும் பரவும். மறு வீட்டில் இறந்த பிள்ளையின் கதையைத் துயரம் மூடிவிடும்.

3. பலிக்காதபோது வேறு காரணம் தேடுகிறோம். "அழைக்கப் போனவன் நின்ற திசை பிழை", "விதி முடிந்தது" என்கிறோம். எப்படி முடிந்தாலும் நம்பிக்கை தோற்காதபடி பார்த்துக்கொள்கிறோம்.

நாம் எவரையும் குறை கூறவில்லை. போர்க்காலத்தில் பாதை மூடி, மருந்து தடைப்பட்டிருந்தபோது பரியாரியாரை விட்டால் வேறு கதி பலருக்கு இருக்கவில்லை. அன்று அது தேவை. இன்று அது பழக்கம். இரண்டும் ஒன்றல்ல.

மால்ட்டாத் தீவில் நடந்தது

திருத்தூதர் பணிகள் 28 ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். புனித பவுலின் கையைப் பாம்பு பற்றியதும், இவர் கொலைகாரர், தண்டனை வந்துவிட்டது என்றனர் தீவு மக்கள். அவருக்கு ஒன்றும் நேராததைக் கண்டதும், இவர் தெய்வம் என்றனர். ஒரே நிகழ்ச்சி, ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு முடிவுகள், இரண்டும் தவறு. நல்ல மனம் படைத்த அம்மக்கள் அவசரப்பட்டார்கள். நாமும் அப்படித்தான்.

நாம் செய்ய வேண்டியது

விஷம் ஏறாத ஆறு பேர் யார், ஏறிய நான்கு பேர் யார் என்று கடித்த நேரத்தில் எவராலும் சொல்ல முடியாது. விரியன் கடி பல வேளைகளில் நோவதுமில்லை, வீங்குவதுமில்லை. இரவில் பூச்சி என்று நினைத்துப் படுத்தவருக்கு விடியும்போது வயிற்றுவலி வரும், இமை சரியும், மூச்சுத் திணறும். விஷமுறிவு மருந்தை வேளையோடு ஏற்ற வேண்டும். பார்வை பார்க்கப் போகும் இரண்டு மணித்தியாலம் அந்த நான்கு பேரில் ஒருவரின் உயிராக இருக்கலாம்.

ஆகவே:

- கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தில் அவசர வண்டியை அழைக்கலாம்.
- இறுக்கிக் கட்டவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றிவிடுங்கள்.
- பாம்பைப் பிடிக்கப் போகாதீர்கள்.
- வயலில் உயரமான சப்பாத்து, இரவில் ரோர்ச், படுக்கையில் ஓரம் செருகிய நுளம்புவலை ஆகியவற்றைப் பழக்கமாக்குங்கள்.

செபிக்க விரும்பினால் செபியுங்கள். வண்டியில் போகும்போதே செபியுங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. நமது ஊரில் பாம்பு கடித்தவர்கள் அனைவரையும் நினைவுகூருங்கள். பிழைத்தவரோடு இறந்தவரையும் எண்ணினீர்களா?
2. விதை, கிருமிநாசினி, கடன் ஆகிய காரியங்களிலும் இப்படி ஒரு பக்கக் கணக்கை நம்பி இருக்கிறோமா?
3. நள்ளிரவில் ஒருவருக்குக் கடித்தால் வாகனம் தரக்கூடியவர் யார்? இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.