கறுத்த ஆயில் கெட்ட ஆயிலா?

டீசல் பிக்கப் வண்டியின் பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவியதும் பலருடைய கண் முதலில் போவது நிறத்தின் மேல்தான். தேன் நிறத்தில் இருந்தால் நல்ல ஆயில், கறுத்திருந்தால் கெட்ட ஆயில் என்று நம்புகிறார்கள். டீசல் எஞ்சினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டீசல் எரியும்போது உண்டாகும் கரித்துகளில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் வந்து சேரும். அந்தக் கரி திரண்டு எங்கும் படிந்துவிடாதபடி மிதக்க வைப்பதற்கென்றே ஆயிலில் ரசாயனங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. போதாததற்கு, ஆயில் மாற்றும்போது பழையது முழுவதும் வடிவதில்லை. மிச்சம் புதியதோடு கலந்துவிடும். எனவே, ஊற்றிய சில நாளிலேயே ஆயில் கறுத்தால் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் பொருள்.

பிறகு எதை வைத்துத்தான் மாற்றுவது? விரலில் தேய்த்துப் பிசுபிசுப்பு பார்த்தால் போதும் என்பார்கள். 15டபிள்யூ-40 என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, அதில் வரும் 40 என்ற எண் 100 டிகிரி செல்சியஸில் அளந்த பாகுத்தன்மையைப் பொறுத்தது. கைச்சூட்டில் தேய்க்கும் விரலுக்கு அது எப்படித் தெரியும்? எரிபொருளிலிருந்து வரும் அமிலத்தை முறிக்கும் ரசாயனம் தீர்ந்துபோவதும் கண்ணுக்கோ விரலுக்கோ பிடிபடாது. வண்டியோடு வந்த கையேட்டில் கிலோமீட்டரும் மாதமும் போட்டிருக்கும். எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. புழுதியில், முழு லோடோடு, நின்று நின்று ஓடும் வண்டிக்கு இன்னும் முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

டிப்ஸ்டிக் நம்பகமாகச் சொல்வது அளவைத்தான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு, துடைத்து மறுபடி செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். "குறைந்தால்தான் லைட் எரியுமே" என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு. டேஷ்போர்டில் சிவப்பாக எரியும் அந்த ஆயில் லைட் காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல. அது எரியும் நேரத்தில் பேரிங்குகள் ஆயில் இல்லாமல் தேயத் தொடங்கியிருக்கலாம். உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. இதற்குப் பயந்து மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் ஆபத்து. கிராங்க் சாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரைக்க வைக்கும். நுரையால் பேரிங்கைத் தாங்க முடியாது.

ஊற்றாமலேயே அளவு ஏறினால் அது இன்னும் மோசம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பிஎஸ்6 விதி வந்த பிறகு, புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப் வடிகட்டி பல டீசல் வண்டிகளில் இருக்கிறது. அதைச் சுத்தமாக்கக் கூடுதலாகப் பீய்ச்சப்படும் டீசலில் ஒரு பகுதி, குறுகிய ஓட்டமே உள்ள வண்டிகளில், ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு: டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ போலக் கலங்கியிருப்பது. கூடவே ரேடியேட்டரில் கூலன்ட்டும் குறைந்துவந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.