பஞ்சா: மேசை மேல் ஒரு நெம்புகோல் போர்



மதிய மணி அடித்து ஆசிரியர் வெளியே போனதும் கடைசி பெஞ்சில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்! திண்டிவனத்துப் பள்ளி ஒன்றின் வராந்தாவில் நடந்து போகும்போது நான் பார்த்த காட்சி இது. இரண்டு பையன்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். முழங்கைகள் பெஞ்சின் மேல் ஊன்றியிருக்கின்றன. வலக்கைகள் கோத்திருக்கின்றன. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். "விடாதடா, சாய்டா!" என்று ஒரே கூச்சல். முகங்கள் சிவக்கின்றன, பெஞ்சு கிறீச்சிடுகிறது. திடீரென்று ஒரு கை பொத்தென்று சாய்கிறது.

பள்ளியில் மட்டுமா? மல்லாட்டைப் பருவத்தில் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அடுத்த லாரிக்காகக் காத்திருக்கும் தொழிலாளர்களும் அடுக்கிய மூட்டைகளின் மேல் கை ஊன்றி இதே விளையாட்டை விளையாடுவார்கள். வட இந்தியாவில் இதற்குப் 'பஞ்சா' என்று பெயர். பாரசீக மொழியில் 'பஞ்ச்' என்றால் ஐந்து. ஐந்து விரல் கொண்ட கை 'பஞ்சா'. கேரளத்தில் 'பஞ்சகுஸ்தி' என்பார்கள். நம் பத்திரிகைகள் 'கை மல்யுத்தம்' என்று எழுதுகின்றன.

பெஞ்சில் நடக்கும் இந்தப் பலப்பரீட்சைதான் இன்று எடைப் பிரிவுகளும் நடுவர்களும் தேசியப் போட்டிகளும் உலகப் போட்டியும் உள்ள ஒரு விளையாட்டாக வளர்ந்திருக்கிறது. அதன் விதிகள் ஒவ்வொன்றின் பின்னாலும் நீங்கள் வகுப்பில் படிக்கும் பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் பெஞ்சில் கை கோப்பது, சற்றுப் பொறுங்கள், ஏன் ஆபத்து என்று பிறகு சொல்கிறேன்.

கட்டைவிரல் இல்லாத வீரன்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெட்டலூமா என்று ஒரு சிறிய ஊர். கோழிப் பண்ணைகளுக்குப் பெயர் போனது. 1950-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு மதுக்கடையில் ஆட்கள் கைபலம் பார்ப்பதைக் கண்ட பில் சொபெரானஸ் என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் அதை ஒழுங்கான போட்டியாக நடத்தலானார். 1962-இல் அது 'உலகப் போட்டி' என்ற பெயரோடு பெரிய அரங்குக்கு மாறியது. 1969 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சி அதைக் காட்டத் தொடங்கியதும் நாடெங்கும் பரவியது.

1968-இல் ஒரு வேடிக்கை. 'பீனட்ஸ்' சித்திரக்கதையில் வரும் ஸ்னூப்பி என்ற நாய் இந்தப் போட்டியில் கலந்துகொள்ள பெட்டலூமாவுக்குப் புறப்படுகிறது. போய்ச் சேர்ந்தால் அதைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிடுகிறார்கள். காரணம்? கட்டைவிரல்களைக் கோத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. நாய்க்கு ஏது கட்டைவிரல்!

பெட்டலூமா முறையில் போட்டியாளர்கள் தங்கள் மற்றொரு கைகளையும் மேசைமேல் பிடித்துக்கொள்வார்கள். இன்றைய போட்டிகளில் அந்தக் கைக்கு மேசையில் நாட்டிய முளை ஒன்று உண்டு. முழங்கைக்கு ஒரு மெத்தை, கை சாய்ந்து தொடுவதற்குப் பக்கத்துக்கு ஒரு மெத்தை. நின்றுகொண்டே போட்டியிடுவார்கள். பல நாடுகள் கூடிய உலகக் கை மல்யுத்தப் போட்டி 1979-இல் கனடாவின் வெடாஸ்கிவின் நகரில் நடந்தது. ஒலிம்பிக்கில் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

இந்தியாவிலும் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாகப் போட்டிகள் நடக்கின்றன. ஆடுகளம் வேண்டாம், விலை உயர்ந்த கருவி வேண்டாம், ஒரு மேசை போதும். கூலித் தொழிலாளியின் பிள்ளையும் காவலரும் கல்லூரி மாணவியும் வந்து நிற்கக்கூடிய விளையாட்டு இது. கேரளத்தின் ஜோபி மேத்யூ பிறவியிலேயே கால்கள் வளர்ச்சி குன்றியவர். 2008-இல் ஸ்பெயினில் நடந்த உலகப் போட்டியில் மாற்றுத் திறனாளிகள் பிரிவில் வென்றார். 2023-இல் 'புரோ பஞ்சா லீக்' என்ற தொழில்முறைப் போட்டி டெல்லியில் 6 அணிகளோடு நடந்தது. கொச்சி அணி கோப்பையை வென்றது. அந்த ஆறில் தமிழ்நாட்டு அணி எதுவும் இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நீளமான கையா, குட்டையான கையா?

இப்போது பாடத்துக்கு வருவோம். பாக்குவெட்டி இரண்டாம் வகை நெம்புகோல், இடுக்கி மூன்றாம் வகை என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். உங்கள் முன்கையும் மூன்றாம் வகைதான். 10 கிலோ அரிசிப் பையை முன்கை கிடைமட்டமாக இருக்கும்படி பிடித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை மூட்டு ஆதாரப் புள்ளி. பை அதிலிருந்து ஏறத்தாழ 32 செ.மீ. தள்ளி இருக்கிறது. கையை மடக்கும் இருதலைத் தசை மூட்டிலிருந்து சுமார் 4 செ.மீ. தூரத்தில்தான் எலும்போடு இணைகிறது. 10-ஐ 32-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 80. அதாவது 10 கிலோ பைக்காகத் தசை 80 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கிறது! பலத்தில் நட்டம், வேகத்தில் லாபம். பந்து எறியவும் கொசு அடிக்கவும் நமக்கு வேகம்தானே வேண்டும்?

அடுத்து ஒரு புதிர். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. முருகன் கை செல்வத்தின் கையை எவ்வளவு விசையோடு தள்ளுகிறதோ, அதே விசையோடுதான் செல்வத்தின் கை முருகனின் கையைத் தள்ளுகிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு எப்படி ஒருவன் கை மட்டும் சாய்கிறது?

விடை இதுதான்: அந்த இரண்டு விசைகளும் வெவ்வேறு கைகளின் மேல் செயல்படுகின்றன. ஆகவே ஒரு கையை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். செல்வத்தின் முன்கையை அவன் தசைகள் ஒரு பக்கம் திருப்பப் பார்க்கின்றன; முருகனின் தள்ளுவிசை மறுபக்கம் திருப்பப் பார்க்கிறது. எந்தத் திருப்புத்திறன் அதிகமோ அந்தப் பக்கம் கை சாயும். திருப்புத்திறன் என்பது விசையைத் தூரத்தால் பெருக்கி வருவது. முருகனுக்கு முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை 35 செ.மீ., செல்வத்துக்கு 28 செ.மீ. என்று கொள்வோம். கைகளுக்கிடையே உள்ள விசை 20 கி.கி. எடை. தன் கை சாயாமல் இருக்க முருகனின் தசைகள் 20 × 35 = 700 அளவு திருப்புத்திறன் தர வேண்டும். செல்வத்துக்கோ 20 × 28 = 560 போதும். குட்டைக் கைக்காரன் குறைந்த முயற்சியில் நிற்கிறான்! நெட்டையன்தான் ஜெயிப்பான் என்று பந்தயம் கட்டுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

முருகன் மனம் தளர வேண்டாம். நீண்ட கைக்கும் ஒரு தந்திரம் உண்டு. எதிராளியின் கையைச் சற்று உயரத்தில், விரல்களுக்கு அருகில் பிடித்துத் தன் பக்கம் இழுத்தால் செல்வத்தின் மணிக்கட்டு பின்னால் மடங்கும். விரல்கள் திறந்துகொள்ளும். பிடி போன பிறகு தோள்பலம் இருந்து என்ன பயன்? குட்டைக் கைக்காரர்கள் இதற்கு நேர்மாறாக மணிக்கட்டை உள்ளே கொக்கிபோல் மடக்கி எதிராளியைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். இதனால்தான் போட்டி தொடங்குமுன் கட்டைவிரலின் கணு வெளியே தெரிகிறதா, மணிக்கட்டு நேராக இருக்கிறதா என்று நடுவர் குனிந்து பார்க்கிறார். அரை அங்குலம் மேலே ஏறிப் பிடித்தாலும் நெம்புகோல் மாறிவிடும் அல்லவா?

எடைப் பிரிவுக்கும் காரணம் உண்டு. தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடல் பெருக்கப் பெருக்க அந்தப் பரப்பும் பெருகும். உயரம் தாண்டுபவர் தன் எடையையே தூக்க வேண்டும்; ஆகவே பெருத்த உடல் அவருக்குச் சுமை. மேசையில் கை கோப்பவருக்கு அந்தச் சுமை இல்லை, லாபம் மட்டுமே. 50 கிலோ பையனை 80 கிலோ பையனோடு மோதவிடுவது நியாயமில்லை. ஆண், பெண், வயது என்று பிரிப்பதோடு வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனியே போட்டி வைக்கிறார்கள்.

ஒரு சாக்பீஸ் சொல்லும் செய்தி

இனி ஆபத்தைப் பார்ப்போம். புதிய சாக்பீஸ் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதை இரு முனைகளையும் பிடித்து வளைத்து ஒடியுங்கள். ஏறக்குறைய நேராக ஒடியும். இரண்டாவதை வளைக்காமல், ஈரத் துணியைப் பிழிவதுபோல இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கம் முறுக்குங்கள். இப்போது முறிந்த இடத்தைப் பாருங்கள். சாய்வாக, திருகாணியின் புரிபோலச் சுற்றிக்கொண்டு முறிந்திருக்கும்.

பஞ்சா மேசையில் கை முறிந்தவர்களின் எக்ஸ்ரே படத்தில் மருத்துவர்கள் காண்பது இந்த இரண்டாவது சாக்பீஸைத்தான். கை கோத்திருக்கும்போது முன்கை செங்குத்தாக நிற்கிறது. அது பக்கவாட்டில் சாயும்போது மேற்கை எலும்பு தன் அச்சில் சுழல்கிறது. எலும்பின் கீழ்முனையை முன்கை வழியாக எதிராளி ஒரு பக்கம் திருப்புகிறார். மேல்முனையில் இணைந்துள்ள மார்புத் தசையும் தோள் தசைகளும் மறுபக்கம் திருப்புகின்றன. இந்தத் தசைகள் எலும்பின் அச்சிலிருந்து இரண்டு செ.மீ. அளவு தூரத்தில்தான் இழுக்கின்றன. 20 × 32 ÷ 2 என்று போட்டால் 320 கிலோ எடைக்குச் சமம். தோராயக் கணக்குத்தான், இருந்தாலும் இடையில் அகப்பட்ட எலும்பின் பாடு உங்களுக்குப் புரியும். அதை முறுக்குவதில் பாதிப் பங்கு சொந்தத் தசைகளுடையது! அந்த எலும்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு இறங்குகிறது. முறிவில் அதுவும் நசுங்கினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை மாதக்கணக்கில் தொங்கிப்போகும்.

எந்த நிலையில் இது நடக்கிறது? தோற்கப் போகிறவர் முகத்தையும் தோளையும் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் விட்டுவிட்டுத் தாங்கப் பார்க்கும்போது. கை மார்புக்கு நேரே இருந்தால் தோளும் கையும் சேர்ந்தே திரும்பும். ஆகவேதான் நடுவர்கள் "உன் கையைப் பார்" என்று எச்சரிக்கிறார்கள். முழங்கை மெத்தையை விட்டு நகர்ந்தால் தவறு, தோள் மேசையின் நடுக்கோட்டைத் தாண்டினால் தவறு என்ற விதிகளும் இருக்கின்றன. உங்கள் பெஞ்சுப் பந்தயத்தில் இந்த வார்த்தையைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

உங்கள் வயதுக்கென்றே இன்னொரு சங்கதி உண்டு. முழங்கையின் உட்புறம் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சிறிய எலும்புப் புடைப்பு தட்டுப்படும். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே அந்தக் கையின் முட்டியை இறுக்கி மணிக்கட்டை உட்பக்கம் மடக்குங்கள். புடைப்பை ஒட்டித் தசை விறைப்பது தெரிகிறதா? மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கும் தசைகளில் பல அந்தச் சிறு புடைப்பில்தான் தொடங்குகின்றன. பெரியவர்களுக்கு அது மேற்கை எலும்போடு ஒன்றாகிவிட்டது. உங்களுக்கு அது இன்னும் தனித் துண்டு. குருத்தெலும்பால் ஆன வளர்ச்சித் தட்டு ஒன்று அதை ஒட்டிவைத்திருக்கிறது. ஏறத்தாழ 15 முதல் 18 வயதுக்குள், பெண்களுக்குச் சற்று முன்னதாகவே, அது எலும்பாகி இணையும். ஆனால் 13, 14 வயதிலேயே தசைகள் வேகமாகப் பலம் பெறத் தொடங்கிவிடுகின்றன. தசை முந்திக்கொள்கிறது, எலும்பு பின்தங்கி நிற்கிறது. இந்த இடைவெளியில் முழுப் பலத்தோடு கை கோத்தால் தசை அந்தப் புடைப்பையே பிய்த்து எடுத்துவிடக்கூடும். எதிராளி பெரிய பலசாலியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

'டக்'கென்று ஒலி கேட்டு வலி வந்தால் கையை இழுத்து நேராக்கக் கூடாது, எண்ணெய் தடவி நீவவும் கூடாது. துண்டால் கழுத்தில் தொட்டில் கட்டி, அசையாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைத்து வைப்பவர்கள்தான் அதிகம் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கை கோக்காமலே யாருக்குப் பலம் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பழைய பேப்பர் கடைக்காரர் தூக்கிப் பிடிக்கும் கொக்கி வைத்த வில்தராசு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதன் வளையத்தை ஜன்னல் கம்பியில் கட்டி, கொக்கியில் ஒரு பட்டைத் துணியை மாட்டுங்கள். முழங்கையைப் பெஞ்சின் மேல் ஊன்றி, முன்கையைச் செங்குத்தாக நிறுத்தி, துணியை உள்ளங்கையில் போட்டுக்கொள்ளுங்கள். தராசு மேசைக்கு இணையாக இருக்கட்டும். கையைப் பார்த்தபடி, வெட்டி இழுக்காமல் மெதுவாக உட்புறம் இழுங்கள். வலித்தால் உடனே விட்டுவிடுங்கள். தராசு உங்களைத் திருப்பித் தாக்காது! நண்பன் காட்டும் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்கையின் நீளத்தைத் தனியாக அளக்க வேண்டியதில்லை. தசையின் திருப்புத்திறனைக் கையின் நீளத்தால் வகுத்து வரும் விசையைத்தான் தராசு காட்டுகிறது; மேசையில் கைகளைச் சாய்ப்பதும் அதே விசைதான். ஐந்து ஐந்து விநாடியாகப் பத்து முறை இழுத்து அளவுகளைப் பட்டியலிட்டால் யார் முதலில் களைக்கிறார் என்பதும் தெரியும். இறுகிய தசைக்குள் இரத்தம் நன்றாகப் பாய முடியாது. பிராணவாயு குறைவதால் பலம் சரசரவென்று இறங்கும். முதல் இழுப்பில் முந்தியவர் பத்தாவது இழுப்பிலும் முந்துகிறாரா என்று பாருங்கள்.