வளித் தரச் சுட்டெண்: நாள்தோறும் அறிவிப்பது ஏன்?

மாணவர்களே, 2022 டிசெம்பர் 8ஆம் திகதி யாழ்ப்பாணம், கொழும்பு உட்பட நாட்டின் பல இடங்களில் வானம் மங்கிக் காணப்பட்டது. பார்த்தவர்களுக்கு அது பனிமூட்டம் போலவே தோன்றும். உண்மையில் அது மாசடைந்த வளி. வங்காள விரிகுடாவில் ‘மாண்டஸ்’ சூறாவளி நிலைகொண்டிருந்த வேளையில், இந்தியாவிலிருந்து வீசிய காற்று அம்மாசைக் கடல் கடந்து கொண்டுவந்தது. மறுநாள் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவீடுகள் இல்லாதிருந்தால், நாம் அதைப் பனி என்றே எண்ணியிருப்போம்.

வளியில் முக்கியமாக அளக்கப்படுவது பீ.எம். 2.5 எனும் நுண்துணிக்கை. இதன் விட்டம் 2.5 மைக்குரோமீற்றர் அல்லது அதற்குக் குறைவு. தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கிலுள்ள மயிர்களால் இதைத் தடுக்க முடியாது. சுவாசப்பையின் சிற்றறைகள் வரை சென்று குருதியிலும் கலக்கும். ஆஸ்துமா நோயாளர், முதியோர், கர்ப்பிணிகள், சிறுவர் ஆகியோரே முதலில் பாதிக்கப்படுவர்.

“ஒரு கன மீற்றரில் இத்தனை மைக்குரோகிராம்” என்று அறிவித்தால் சந்தைக்குப் போகும் ஒருவருக்கு என்ன விளங்கும்? அதனாலேயே அளவீடு சுட்டெண்ணாக மாற்றப்படுகிறது. 50 வரை நன்று, 51–100 மிதமானது, 101–150 எளிதில் பாதிப்புறுவோருக்குத் தீங்கானது, 151க்கு மேல் எல்லோருக்கும் தீங்கானது. சுட்டெண் 130 எனில் ஆஸ்துமா உள்ள பிள்ளை அன்று மைதானத்தில் ஓடக்கூடாது. வெளியே செல்ல நேர்ந்தால் என்95 முகக்கவசம் உதவும். சாதாரண துணிக்கவசம் போதாது.

கவனிக்க: பல மாசுகளின் சுட்டெண்களைக் கூட்டிச் சராசரி காண்பதில்லை. நுண்துணிக்கைக்கு 120, ஓசோனுக்கு 60 எனில் அன்றைய சுட்டெண் 120, 90 அன்று. மிகக் கூடியதே எடுக்கப்படும்.

இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமம் பீ.எம். 2.5க்கு 24 மணி நேர எல்லையாக 50 மைக்குரோகிராமை விதித்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததோ 15. ஆகவே “சட்ட எல்லைக்குள் உள்ளது” என்பதைப் “பாதுகாப்பானது” என்று விடையில் எழுதிவிடாதீர்கள்.

பயிற்சி வினா: திருநெல்வேலியில் பெருந்தொழிற்சாலைகள் இல்லை. எனினும் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இங்கு வளித்தரம் குறையலாம். காரணம் தருக. (குறிப்பு: காற்றின் திசையுடன், பலாலி வீதி வாகனப் புகை, வளவுகளில் குப்பை எரித்தல் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுக.)