படிகத்தைக் காட்டுவது ஒளி

அன்புள்ள தம்பிக்கு,

புரதப் படிகம் பார்க்க நுண்ணோக்கி வாங்கும் பொறுப்பை ஆய்வகத்தில் உன்னிடம் ஒப்படைத்திருப்பதாக எழுதியிருந்தாய். விலைப்பட்டியலைப் புரட்டினால், எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்ற எண்தான் முதலில் கண்ணில் படும். அதை வைத்து முடிவெடுக்காதே. ஒளியைப் பார், கை புழங்க இடம் இருக்கிறதா என்று பார்.

உன் படிகங்கள் பெரும்பாலும் 20 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். அவற்றுக்கு 10 முதல் 100 மடங்கு வரை போகும் ஸ்டீரியோ ஜூம் நுண்ணோக்கி போதும். நுணுக்கத்தைத் தீர்மானிப்பது லென்ஸின் எண்துளை (NA). அது 0.1 என்றால், பச்சை ஒளியில் சுமார் 3.4 மைக்ரான் இடைவெளியைத்தான் பிரித்துக் காட்டும். அதற்கு மேல் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும்.

படிகத்தைப் பார்ப்பதோடு வேலை முடிவதில்லை. அது வளர்ந்த சொட்டு காய்வதற்குள் லூப் என்ற சிறு வளையத்தால் அள்ளி எடுக்கவும் வேண்டும். அதற்கு ஆழம் தெரிய வேண்டும், பிம்பம் தலைகீழாக இருக்கக் கூடாது, லென்சுக்கும் தட்டுக்கும் நடுவே 8 சென்டிமீட்டராவது வேண்டும். ஸ்டீரியோ வகையில் இந்த மூன்றும் கிடைக்கும்.

இனி ஒளி. புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி நீர்தான். அதனால் அதன் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள கரைசலோடு நெருங்கி நிற்கும். நேராக அடிக்கும் பளீர் வெளிச்சத்தில், நீரில் போட்ட கண்ணாடித் துண்டைப் போல விளிம்பே தெரியாது. நுண்ணோக்கியின் அடித்தளத்தில் ஒளியைத் திருப்பும், சாய்க்கக்கூடிய கண்ணாடி உள்ளதாகக் கேள். அதை மெல்லத் திருப்பினால் ஒருபக்க விளிம்பில் நிழல் விழும். வெறும் சொட்டு என்று நினைத்த இடத்தில் முகங்கள் துலங்கும். விளக்கு எல்.இ.டி.யாக இருக்கட்டும். ஆலஜன் விளக்கின் சூடு தட்டில் ஏறினால் சில படிகங்கள் கரைந்தே போகும்.

துருவ ஒளியில் பார்க்கப் போலரைசரும் அனலைசரும் கட்டாயம் வேண்டும். 1934-இல் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானி பெர்னால், பெப்சின் புரதப் படிகங்களைத் துருவ ஒளி நுண்ணோக்கியில் பார்த்தார். தாய்க்கரைசலை விட்டு எடுத்ததும் அவற்றின் இரட்டை ஒளிவிலகல் குறைவதைக் கவனித்தார். காய்ந்தால் உள்ளொழுங்கு குலைகிறது என்று புரிந்துகொண்டு, ஈரத்தோடே கண்ணாடிக் குழாயில் வைத்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார். புரதப் படிகம் தெளிவான புள்ளிகளைத் தந்தது அப்போதுதான். சக ஆய்வாளர் டோரதி குரோஃபூட்டும் அவரும் சேர்ந்து அதை வெளியிட்டார்கள்.

ஆனால் துருவ ஒளியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதாதே. பல உப்புப் படிகங்களும் மின்னும், பெரும்பாலும் புரதத்தைவிடப் பிரகாசமாகவே மின்னும். கனசதுர அமைப்புள்ள புரதப் படிகமோ இருட்டாகவே இருக்கும். பிளாஸ்டிக் தட்டு தன் பங்குக்கு வண்ணம் காட்டிக் குழப்பும். ஆகவே கண்ணாடி மூடியில் தொங்கும் சொட்டாக இருந்தால், மூடியை எடுத்துத் தனியே வைத்துப் பார்.

விற்பனையாளர் காட்டும் மாதிரி ஸ்லைடைப் பார்த்து மயங்காதே. லைசோசைம் புரதத்தைச் சோடியம் குளோரைடில் படிகமாக்கு. ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். அந்தத் தட்டை ஒவ்வொரு கருவியிலும் வைத்து, லூப்பால் நீயே ஒரு படிகத்தை எடுத்துப் பார். விளிம்பு தெளிவாகத் தெரிந்து, கை தடையின்றிப் போய்வரும் கருவியை வாங்கு. மிச்சமாகும் பணத்தை நல்ல அடித்தளத்துக்கும் கேமராவுக்கும் செலவிடு.

அன்புடன்,
அக்கா