வகிட்டில் விழும் வெள்ளைக் கோடு

தலைக்கு என்ன போடலாம் என்று யார் கேட்டாலும், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை முடி வெளுத்திருக்கிறது? நூறில் இருபது, முப்பது வெளுத்தவருக்கும் முழுக்க நரைத்தவருக்கும் ஒரே சாயம் பொருந்தாது.

கோவையில் பெரும்பாலோர் தொடங்குவது பாக்கெட் டையில். அரை மணி நேரத்தில் வேலை முடியும், செலவும் குறைவு. ஆனால் அது தரும் கருப்பு ஒரே மட்டமான கருப்பு. நரைக்காத முடியில் இருக்கும் இயல்பான பழுப்பும் அதில் மூழ்கிவிடும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு வளர்வதால் மூன்றாம் வாரமே வகிட்டில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். பார்லரில் போடும் பர்மனென்ட் கலரிலும் இதே கதைதான். அதில் அமோனியா முடியின் மேல்செதிலைத் திறக்கிறது. பெரும்பாலும் 6 சதவீதம் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு நம் சொந்தக் கருமையையும் கொஞ்சம் வெளுக்க வைக்கிறது. நாலைந்து முறை போட்டபின் நுனி செம்பட்டை அடிப்பது அதனால்தான்.

பாதிக்கும் குறைவாக நரைத்தவர்களுக்கு நான் சொல்வது டெமி-பர்மனென்ட். இதில் பெராக்சைடு மிகக் குறைவு. வெல்லா கலர் டச்சில் 1.9 அல்லது 4 சதவீதம்தான். அமோனியா கிடையாது. கருமுடியை இது வெளுக்காது; வெள்ளை முடியில் மட்டும் மெல்லியதாக நிறம் ஏற்றும். அதிலும் நரையை முழுக்க மூடாமல் கண்ணாடித்தாள் போலப் படிவதால், கருப்புக்கு நடுவே அந்த இழைகள் இளம்பழுப்புக் கீற்றுகளாகத் தெரியும். நரை ஒளிவதில்லை, கலந்துவிடுகிறது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். நிறமும் ஒரேயடியாகப் போகாமல் அலச அலச மங்குவதால், வேரில் கோடு விழுவதும் பளிச்சென்று தெரியாது.

நிறம் எடுக்கும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். 1 கருப்பு, 3 அடர்பழுப்பு, 4 பழுப்பு, எண் ஏற ஏற நிறம் இளகும். நம் ஊர் முடி பெரும்பாலும் 1, 2. அதற்கு 3 அல்லது 4 எடுங்கள். 1 எடுத்தால் மறுபடி பாக்கெட் டைக் கருப்புக்கே போய் நிற்பீர்கள். காதோர நரை முரடு, நிறம் பிடிக்க நேரமாகும். அங்கிருந்தே பூசத் தொடங்குங்கள்.

எத்தனை நாள் தாங்கும்? லோரியால் காஸ்டிங் கிரீம் கிளாஸ் 28 அலசல் வரை என்கிறது. செவ்வாய், வெள்ளி மட்டும் தலைக்கு ஊற்றும் பெண்களுக்கு அது மூன்று மாதம். தினமும் தலை நனைத்து ஷாம்பு போடும் ஆண்களுக்கு ஒரு மாதம்கூட வராது. எண்ணெய் வைத்து அரப்பு தேய்த்துக் குளிப்பதும் ஓர் அலசல்தான், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கும் போர் உப்புத் தண்ணீர் வீட்டுக்கும் வித்தியாசம் உண்டு. உப்புத் தண்ணீரில் முடி சொரசொரத்து, நிறத்தின் பளபளப்பு சீக்கிரம் போகும். கடைசி இரண்டு சொம்பாவது நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.

"அமோனியா இல்லீங்கக்கா, ஒண்ணும் பண்ணாது" என்று பார்லரில் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் அமோனியா அல்ல. பிபிடி என்ற பாரா-ஃபினைலீன்டையமினும் அதன் இனச் சாயங்களும்தான். டெமியிலும் அவை உண்டு. காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். புருவத்துக்கும் இமைக்கும் பூசவே கூடாது, பார்வை போகலாம் என்று நம் நாட்டில் டை பெட்டியிலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம். பிபிடி கலந்த 'கருப்பு மருதாணி' வைத்துக் கை கொப்பளித்தவர்கள் இந்தச் சாயங்கள் உள்ள எந்த டையின் பக்கமும் போகாதீர்கள்.

அவர்களுக்கு மருதாணியும் அவுரியும் இருக்கின்றன. மருதாணி மட்டும் போட்டால் நரை ஆரஞ்சாகும். அதை அலசிவிட்டு அவுரிப்பொடி பூசினால் பழுப்பும் கருப்பும் வரும். நாட்டு மருந்துக்கடையில் கலப்பில்லாத இலைப்பொடியா என்று கேட்டு வாங்குங்கள். உடனே கருப்பாக்கும் 'ஹெர்பல்' பொடி என்றால் பெட்டியின் பின்பக்கம் பிபிடி இருக்கிறதா பாருங்கள். அரை நாள் வேலை இது, பொறுமை இருப்பவர்களுக்குத்தான்.

பாதிக்கு மேல் வெளுத்துவிட்டதா? டெமி அங்கே தண்ணிச் சாயமாகத் தெரியும். வேருக்கு மட்டும் பர்மனென்ட் போடலாம். இல்லையென்றால் விட்டுவிடலாம். 2011-ல் 'மங்காத்தா'வில் அஜித் நரையோடு வந்தபின் நம் ஆண்கள் அதைத் துணிச்சலோடு செய்கிறார்கள். பெண்களுக்கு இன்னும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம். விட நினைக்கும் பெண்களுக்கும் டெமி உதவும்: பழைய கருப்புக்கும் புது வெள்ளைக்கும் நடுவே இளம்பழுப்பு ஏற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிக்கொண்டே வந்தால், யாரும் "என்னங்க அம்மிணி, டை அடிக்கலையா?" என்று கேட்பதற்கு முன்பே முடி மாறியிருக்கும்.

ஆவணி முகூர்த்தத்துக்குத் தயாராகிறவர்கள் முந்தின நாள் ராத்திரி பூசாதீர்கள். ஒரு வாரம் முன்பே தோல் சோதனை, நாலு நாள் முன்பு சாயம். நெற்றியோரக் கறை போகவும் நிறம் ஒருமுறை அலசி இயல்பாகவும் அந்த நாலு நாள் வேண்டும்.