காது மெஷின் வாங்குமுன்: வரிக் கழிவை நம்பலாமா?

வாப்பாவுக்குக் காது மெஷின் வாங்கும் பேச்சு வந்தால், பிள்ளைகள் விலை கூடியதையே தேடுகிறார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்ற எண்ணம் ஒருபுறம். பில் இருந்தால் வரியில் கழிக்கலாம் என்ற நம்பிக்கை மறுபுறம். ஓட்டமாவடியில் உள்ள வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு, கோறளைப்பற்று மேற்கு பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், கைப்பணம். இவற்றில் எதையும் விசாரிக்காமல், வரிக் கழிவை நம்பி இரண்டு இலட்சம் கொடுப்பதுதான் தவறு.

அந்தச் சலுகை இலங்கையில் இப்போது இல்லை. 2020 ஏப்ரல் முதல் 2022 டிசம்பர் வரை மருத்துவச் செலவையும் சேர்த்து ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் வரை கழிக்க முடிந்தது. 2022இன் 45ஆம் இலக்கச் சட்டம் அதை நீக்கிவிட்டது. கழிவு இருந்த காலத்திலும் 30 இலட்சம் வரையான வருமானத்துக்கு வரியே இருக்கவில்லை. மாதம் இரண்டரை இலட்சத்துக்கு மேல் உழைத்தவருக்கே கழிவு பயன்பட்டது. நாளை அது திரும்பி வந்தால் என்று கேட்கலாம். இன்று 18 இலட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். மாதம் இரண்டு இலட்சம் சம்பளம் எடுப்பவருக்கு மெஷின் விலை முழுவதும் கழிந்தாலும் மிஞ்சுவது 12,000 ரூபாய்தான். கனடாவில் கழிக்கிறார்களே என்பதும் உண்மைதான். ஆனால் அங்குள்ள மகன் கழிக்கப் பெற்றோரும் அங்கே வசிக்க வேண்டும். கத்தாரில் சம்பளத்துக்கு வரியே இல்லை, எதில் கழிப்பது? வரியில் மிச்சம் வேண்டுமானால் வங்கிக்குப் போங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வைப்புப் பணத்தின் வருமானத்தில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் சுயபிரகடனம் கொடுத்தால் அந்தப் பிடிப்பு நிற்கும். வைப்பிலிருந்து ஆண்டுக்கு மூன்று இலட்சம் பெறும் முதியவருக்கு அதுவே 30,000 ரூபாய்.

இனி மெஷினைப் பற்றி. வாங்குமுன் கேட்டல் பரிசோதனை வேண்டும்; காதுக்குடும்பி அடைத்தாலும் காது மந்தமாகும். காதுக்குள் மறையும் சின்ன மெஷினை விட, காதின் பின்னால் மாட்டுவதையே நான் சொல்வேன். நடுங்கும் விரலாலும் அதன் பற்றரியை மாற்றலாம், வேர்வையைத் துடைப்பதும் எளிது. முதல் நாட்களில் மின்விசிறியும் பாத்திரங்களும் இரைச்சலாகக் கேட்கும். புதிய சத்தத்துக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே அலமாரியில் வைத்துவிட விடாதீர்கள். ஒரு மணித்தியாலமாகத் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டுங்கள், முகம் பார்த்து நிதானமாகப் பேசுங்கள். வாரங்கள் கழிந்தும் பேச்சு விளங்காவிட்டால், சரிசெய்து தரும்படி வாங்கிய இடத்துக்கே கொண்டுபோங்கள்.