பினாங்குக் கடைவீதியும் வாடகைச் சீட்டும்

ஒரு கடை ஏன் மூடப்படுகிறது? வியாபாரம் நொடித்தால் மூடப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். ஆனால் வாடிக்கையாளர் வந்துகொண்டிருந்தபோதே கதவை அடைத்த கடைகள் பல உள்ள ஊர் ஒன்று உண்டு. அது மலேசியாவில் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரம். நம்மவர்களுக்கு அது அந்நிய ஊர் அல்ல. நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் கரைகளிலிருந்து மரைக்காயர்களும், செட்டிநாட்டிலிருந்து நகரத்தார்களும் கப்பலேறிச் சென்று கடை விரித்த ஊர். ஆகவே இம்முறை அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1786-ல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அமைத்த துறைமுகப் பட்டினம் இது. சுங்கமில்லாத் துறைமுகம் என்றதும் சீனர், தமிழர், மலாய்க்காரர், அச்சே நாட்டவர், அரபிகள் என எல்லா வணிகரும் வந்து சேர்ந்தனர். முன்பு பிட் தெரு எனப்பட்ட ஒரே சாலையையும் அதை ஒட்டிய தெருக்களையும் சுற்றி வந்தால் போதும். 1818-ல் கட்டி முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், குயின் தெருவில் 1833-ல் எழுந்த மாரியம்மன் கோயில், 1801-ல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன.

இவற்றுக்கு இடையில் வரிசை வரிசையாகக் கடைவீடுகள். முகப்பு குறுகல், உள்ளே நீளம் அதிகம். முன்கட்டில் வியாபாரம், பின்கட்டில் சரக்கு, நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு முற்றம், மாடியில் குடும்பம். வாசலில் வெயிலும் மழையும் படாத ஐந்தடி நடைபாதை. அந்த நடைபாதையிலும் ஒரு செருப்புத் தைப்பவரோ பூக்கட்டுபவரோ பிழைத்துக்கொள்வார். வீடும் கடையும் ஒன்றானதால் செலவு குறைவு. கடைக்காரர் இரவிலும் தெருவிலேயே இருப்பதால் தெருவுக்கும் காவல்.

இந்த ஏற்பாடு நிலைத்ததற்கு ஒரு சட்டமே அடிப்படை. 1948-க்கு முன் கட்டிய கட்டிடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டிவைத்திருந்தது. அதை 1997-ல் நீக்கினார்கள். 1999 டிசம்பர் 31 வரை அவகாசம். 2000 ஜனவரி முதல் தேதியிலிருந்து வாடகை சந்தை விலைக்குப் போயிற்று. உரிமையாளரை மட்டும் குறை கூறுவது நியாயமல்ல என்பதே நம் கருத்து. சொற்ப வாடகையில் அவர் ஓடு மாற்றக்கூட வழியில்லாமல் இருந்தார். மறுபக்கம், பகடி கொடுத்துப் பிடித்த இடம் என்றைக்கும் நமதே என்று குத்தகைதாரர் நம்பியிருந்தார். அந்தப் பகடிக்கு எந்தக் காகிதமும் இல்லை.

இதனால் அடிபட்டவை கைத்தொழில்கள். சொங்கோக் எனப்படும் கறுப்புத் தொப்பி தைப்பவரை எடுத்துக்கொள்வோம். தலைக்கு அளவெடுத்து, விறைப்புக்கு உள்ளே அட்டை வைத்து, வெளியே வெல்வெட் போர்த்தித் தைக்க வேண்டும். ஒரு கணக்குக்காகச் சொல்கிறோம்: தொப்பி ஒன்றில் நிகரமாக 10 ரிங்கிட் மிச்சம், ஒரு நாளைக்கு 5 தொப்பி, மாதம் 26 நாள் வேலை. ஆக 130 தொப்பி, 1,300 ரிங்கிட். வாடகை 150 என்றால் குடும்பம் ஓடும். அதுவே 1,500 ஆனால், எல்லாத் தொப்பியும் விற்றுத் தீர்ந்தாலும் 200 ரிங்கிட் கைநட்டம். மளிகைக்காரர் கூடுதல் சரக்கு ஏற்றி ஓரளவு சமாளிப்பார். கைவேலைக்காரருக்குக் கை இரண்டுதான். பிரம்பு முடைபவரும், சீனப் பெயர்ப்பலகை செதுக்குபவரும், ஊதுவத்தி உருட்டுபவரும் இதே கணக்கில்தான் மாட்டினார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வந்ததும், பிள்ளைகள் வேறு வேலை தேடியதும் உண்மைதான். இருந்தாலும் கடைசி அடி வாடகையில் விழுந்தது.

காலியான சில கடைவீடுகளில் உழவாரக் குருவிகளைக் கூடு கட்டவைத்துக் கூட்டை விற்றனர். மனிதரைவிடக் குருவி நல்ல குடித்தனக்காரர் ஆகிவிட்டது! 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ இந்நகரை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. கட்டிடங்கள் காப்பாற்றப்பட்டன, மதிப்பு ஏறியது, தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. பயணிகள் தேடிவருவது பழைய தொழிலை. அவர்கள் கொண்டுவரும் பணமோ அதே தொழிலின் வாடகையை ஏற்றுகிறது.

கோயிலும் பள்ளிவாசலும் மட்டும் எப்படி அசையவில்லை? கப்பித்தான் காதர் மொஹிதீன் கம்பெனியிடம் நிலம் பெற்றுப் பள்ளிவாசலுக்கு வைத்தார். கூ குலத்துச் சீனர்கள் தங்கள் கொங்சி மண்டபத்தோடு சுற்றியுள்ள வீடுகளையும் சங்கத்தின் சொத்தாகவே வைத்திருக்கிறார்கள். தனி ஆளால் வாங்க முடியாத இடத்தைக் கூட்டாக வாங்கினார்கள்.

நம் மாநிலத்திலும் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. எழுத்து மூலமான ஒப்பந்தமும் அதன் பதிவும் கட்டாயம். வாய்ப்பேச்சிலேயே முப்பது வருடம் கடை நடத்திவருபவர்கள் இந்த மாதமே உரிமையாளரோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

பினாங்குத் தெருவில் நகரத்தார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி, ஒரு பாய், ஒரு கணக்குப் பேரேடு. அதுவே வட்டிக்கடை. அந்தத் தொழில் ஓய்ந்துவிட்டது. ஆனால் அங்குள்ள கோவில் வீடு அவர்கள் கையில் இருக்கிறது. 1894-ல் காரைக்குடியிலிருந்து கொண்டுபோன வெள்ளி ரதம், தைப்பூசத்துக்கு முதல் நாள் அங்கிருந்துதான் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. வழியெங்கும் சீனர்கள் குவியல் குவியலாகத் தேங்காய் உடைக்கிறார்கள்.